ஐயா விற்ற திருக்கை வால்

எங்கள் வீட்டில் யாரும் அடி வாங்கி வளரவில்லை. அக்காவும் இல்லை, நானும் இல்லை. அம்மாவை நோக்கி ஐயா கை ஓங்கியதை நான் கண்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் எங்கள் வீட்டில் செய்த சாமானைக் கொண்டுதான் தீவுப்பகுதியில் பாதிப்பேர் மற்றப் பாதியை அடித்தார்கள்.

ஐயா திருக்கை வால் செய்து விற்றவர். ஊர்காவற்றுறைக்குத் தெற்கே, கரையோடு ஒட்டிய குடியிருப்பு எங்களுடையது. எல்லோரும் கத்தோலிக்க வேதக்காரர், எல்லோருக்கும் கடல்தான் பிழைப்பு. ஐயாவின் வலையில் திருக்கை பட்டால் இறைச்சி சந்தைக்குப் போகும், வால் வீட்டுக்கு வரும். வாலின் அடியில் இருக்கும் விஷ முள்ளைக் குறட்டால் பிடுங்கி ஆழமாகப் புதைப்பார். பிறகு வாலைப் பனஞ்சலாகையோடு சேர்த்து நீட்டிக் கட்டி நிழலில் காயப்போடுவார். வெயிலில் காய்ந்தால் சுருண்டுவிடும். அது காய்ந்து முடியும்வரை எங்கள் உடுப்பெல்லாம் நாறும். பள்ளிக்கூடத்தில் என் வாங்கில் எனக்குத் தாராளமாக இடம் கிடைத்தது அதனால்தான்.

காய்ந்த வாலின் தோல் அரம் மாதிரி இருக்கும். அதை உடைந்த போத்தல் ஓட்டால் சுரண்டி வழுவழுப்பாக்குவது என் வேலை. நான் அவசரப்பட்டுச் சுரண்டினால் ஐயா வாலைத் தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். எங்காவது பிடித்தால் திருப்பித் தந்துவிடுவார்.

"நோகவேணும் பிள்ளை. ஆனால் கிழிக்கக் கூடாது. ரெண்டும் வேறை."

மற்றவர்கள் செய்த வால் சதையைக் கிழித்தது. ஐயாவின் வால் தடிப்பை மட்டும் விட்டது. அதில் அவருக்குப் பெருமை. எனக்கும் பெருமை. என் கையில் போத்தல் ஓடு கீறிய வெட்டுகளை ஒரு தொழிலாளியின் பதக்கங்கள் போலக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

அவரிடம் வேறு சட்டங்களும் இருந்தன. குடித்துவிட்டு வருகிறவனுக்கு வால் இல்லை. கோபத்தோடு வருகிறவனுக்கும் இல்லை. "ஆறின பிறகு வாரும்" என்று அனுப்பிவிடுவார். தபசு காலம் நாற்பது நாளும் விற்கமாட்டார். கர்த்தரைக் கற்றூணில் கட்டி அடித்ததை நினைக்கிற நாளில் சாட்டை விற்பது அவருக்குச் சரியாகப் படவில்லை. கர்த்தர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் முடிந்த திங்கட்கிழமையே விற்பார் என்பது வேறு கதை.

எல்லாச் சட்டத்துக்கும் மேலே ஒன்று இருந்தது. வால் வாங்க வருகிறவன் முதலில் அதே வாலால் தன் கையில் ஒன்று வாங்க வேண்டும்.

மடத்துவெளியில் இருந்து மாட்டுக்காரர் வருவார்கள். வேலணையில் இருந்து தோட்டக் காவலுக்கு நிற்கிறவர்கள் வருவார்கள். வாத்திமார் வந்திருக்கிறார்கள். யார் வந்தாலும் ஐயா கதிரை போட்டு இருத்தி, எதற்கு வேண்டும் என்று விசாரித்து, பிறகு சொல்வார்:

"கையை நீட்டும்."

"எந்தக் கை அண்ணை?"

"அடிக்கிற கை."

வந்தவர் சேட்டுக் கையை மடித்து நீட்டுவார். முழங்கைக்குக் கீழே, வெளிப்பக்கத்தில், ஐயா ஒன்று போடுவார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை, எப்போதும் ஒரே அளவு. வாலின் நுனி கையைச் சுற்றிக்கொண்டு போய் உள்பக்கத்தில் கடிக்கும். அதனால் அந்தத் தழும்பு தூண்டில் மாதிரி நுனியில் வளைந்திருக்கும். ஒரு கிழமைக்கு நிற்கும். கள்ளுத் தவறணையில் அதைக் காட்டிப் பெருமையடித்தவர்களும் உண்டு.

"இப்ப உமக்கு அளவு தெரியும். இதுக்கு மேலை போடாதையும், முகத்திலை பட விடாதையும்," என்று சொல்லித்தான் வாலைக் கையில் கொடுப்பார்.

ஊரில் இதற்கு நல்ல பெயர். ஐயா நியாயமான மனுசன் என்று கோயிலில் சுவாமியாரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். நோவைக் கொடுக்கப்போகிறவன் அதை அறிந்திருக்க வேண்டும் என்பது யாருக்குத்தான் பிழையாகப் படும்? எனக்கும் படவில்லை. சொல்லப்போனால், அந்த நேரம் நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, யார் முகம் எப்படிக் கோணுகிறது என்று பார்ப்பதற்காகவே சுரண்டுகிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவேன்.

ஒரே ஒருவர் மட்டும் கையை இழுத்தார். மெலிந்த ஆள், ஒரு நாம்பன் மாடு குழப்படி செய்கிறது, அதற்கு வேண்டும் என்று வந்தவர். கையை நீட்டினார். ஐயா வாலை ஓங்கினார். வால் இறங்க முதல் அந்த ஆள் கையை வெடுக்கென்று இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். ஐயா சிரித்துவிட்டு, இன்னொருமுறை நீட்டச் சொன்னார். அவர் வாலைப் பார்த்தார். பிறகு ஐயாவைப் பார்த்தார்.

"வேண்டாம் அண்ணை. அந்த மாட்டாலை என்னைப்போலை கையை இழுக்க ஏலாது."

அப்படிச் சொல்லிவிட்டு, குறை நினைக்க வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு கொஞ்சமல்ல. ஐயா வருஷக்கணக்காக அந்தக் கதையைச் சொன்னார். கையை இழுத்த மாதிரிச் செய்து காட்டுவார், அம்மா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பா. அதைப் பார்த்து நானும் அக்காவும் இன்னும் சிரிப்போம்.

பெரிய புயல் அடித்ததற்கு முந்திய வருஷம், தபசு காலத்தில், நெடுந்தீவில் இருந்து ஒருவர் வந்தார். இருபத்தெட்டு இருபத்தொன்பது வயது இருக்கும். சொந்தமாக இரண்டு வள்ளம், கொஞ்ச ஆடு மாடு, அங்கே வெளியில் திரிகிறதில் பிடித்துக் கட்டிய மட்டக்குதிரை இரண்டு. குதிரை சொல்லுக் கேட்கவில்லை, வால் வேண்டும் என்றார். தபசு நாளில் விற்பதில்லை என்று ஐயா சொன்னார். "நல்லது அண்ணை, நான் பொறுக்கிறன்," என்று திரும்பிப் போனார். பாஸ்கு முடிந்த கிழமையே கடல் கடந்து மறுபடி வந்தார்.

அவருக்குக் கொடுத்த வாலைச் சுரண்டியவள் நான். நல்ல நீளமான வால். நாலு நாள் மினக்கெட்டுச் சுரண்டி, சுறா எண்ணெய் பூசி வைத்திருந்தேன்.

அவர் கையை நீட்டினார். நீட்டியபோது வாலைப் பார்க்கவில்லை, ஐயாவின் கண்ணைத்தான் பார்த்தார். வால் விழுந்தது. கண் இமைகூட ஆடவில்லை. ஐயாவுக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

"இன்னொண்டு வேணுமெண்டாலும் போடுங்கோ அண்ணை," என்றார் சாந்தமாக.

அன்றைக்குச் சாப்பிடும்போது ஐயா வேறு கதை கதைக்கவில்லை. இப்படி ஒரு ஆளைத் தான் கண்டதில்லை என்றார். என்ன நிதானம், என்ன பொறுமை என்றார். "நோவைத் தாங்கத் தெரிஞ்சவன் நோவைக் கண்டபடி குடுக்கமாட்டான்," என்றார். அக்கா எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தா. அவவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஐயா அக்காவின் பக்கம் திரும்பிப் பார்த்ததை நான் கண்டேன். எனக்கு உடனே விளங்கிவிட்டது. எனக்கும் அந்த எண்ணம் பிடித்துத்தான் இருந்தது.

கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து அறிவித்து, மே மாதம் முடிய முன்னர் கலியாணம் நடந்தது. அண்ணை என்று கூப்பிட்டவர் மாமா என்று கூப்பிட்டார். சீதனமாக எதையும் வாய்விட்டுக் கேட்கவில்லை, அதிலும் ஐயா குளிர்ந்துபோனார். அக்கா வள்ளத்தில் ஏறும்போது அழுதா. கல்யாணப் பெண்கள் எல்லோரும்தானே அழுகிறார்கள் என்று நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

நெடுந்தீவு அரை நாள் வள்ளப் பயணம்தான், ஆனால் காற்றுக் கடுமையாய் இருக்கிற மாதங்களில் அது இந்தியாவைவிடத் தூரம். முதல் வருஷம் அக்கா இரண்டு தரம் வந்து போனா, இரண்டு தரமும் அவரோடு. அவவின் பேச்சுக் குறைந்திருந்தது. கலியாணம் முடித்தால் அடக்கம் வரும் என்று அம்மா சந்தோஷப்பட்டா. இரண்டாம் வருஷம் வரவேயில்லை. மூன்றாம் வருஷம், எங்கள் கோயில் திருநாளுக்கு, தனியாக வந்து இறங்கினா. அவருக்கு வலை வேலை இருக்கிறதாம்.

வந்த அன்று பின்னேரம் கிணற்றடியில் நான் தண்ணீர் அள்ளி ஊற்றினேன். அக்கா குறுக்குக் கட்டிக்கொண்டு, முதுகை எனக்குக் காட்டாமல் திரும்பித் திரும்பி நின்றா. என்ன வெட்கம் இது என்று நான் பகிடியாகத் தோளைப் பிடித்துத் திருப்பினேன், கட்டுப் பின்னால் நழுவியது.

முதுகில் வெறும் இடம் இல்லை. பழையது, புதியது, அதற்கு மேலே இன்னும் புதியது. ஒவ்வொரு கோடும் விலாவைச் சுற்றி வந்து, முடிகிற இடத்தில் வளைந்திருந்தது. அந்த வளைவை நான் நூறு கையில் பார்த்திருக்கிறேன்.

என் கையில் இருந்த வாளி கிணற்றுக்குள் போய்விட்டது. அக்கா அந்தச் சத்தத்துக்குப் பயந்து சுருண்டு இருந்துவிட்டா. இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, முதுகை மட்டும் வெளியே விட்டுக்கொண்டு இருந்தா. வாளி விழுந்த சத்தத்துக்கு. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. அது யார் மேல் வந்த கோபம் என்று பிரிக்கத்தான் எனக்கு இத்தனை வருஷம் எடுத்தது.

ஐயாவிடம் நான்தான் சொன்னேன். அவர் அக்காவைக் கூப்பிட்டுக் கையைக் காட்டச் சொன்னார். தடுக்கப் போனபோது கையிலும் ஒன்றிரண்டு பட்டிருந்தது. ஐயா அந்தத் தழும்பின் வளைவில் விரலை வைத்துப் பார்த்தார். தன் கையெழுத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு கையை விட்டுவிட்டு கரையில் இருந்த மீன் வாடிப் பக்கம் போனார். கன நேரம் திரும்பி வரவில்லை.

அடுத்த கிழமை அக்காவை வீட்டில் விட்டுவிட்டு நெடுந்தீவுக்குப் போனார். தனியாகப் போகவிட அம்மாவுக்குப் பயம், அதனால் நானும் போனேன்.

அத்தான் எங்களை மரியாதையாக வரவேற்றார். கதிரை எடுத்துப் போட்டு, தானே குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். வால் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. தூசு இல்லாமல், எண்ணெய் பூசி, நாங்கள் கொடுத்தபோது இருந்ததைவிட நன்றாக இருந்தது. பிடியில் சுற்றிய தும்புக் கயிறு மட்டும் கை வியர்வையால் கறுத்துப்போயிருந்தது.

"குதிரைக்கெண்டெல்லோ வாங்கினனீர்?" என்று ஐயா கேட்டார்.

"குதிரைக்கும்தான் மாமா."

ஐயா ஆணியைப் பார்த்தார். அத்தான்தான் மேலே கதைத்தார். குரலை உயர்த்தவில்லை. மறைக்கவும் இல்லை.

"நீங்கள் சொன்னதை ஒண்டும் நான் மீறேல்லை. குடிச்சிட்டு அதைத் தொட்டதில்லை. கோவத்திலை எடுத்ததில்லை; ஆறினாப் பிறகுதான். முகத்திலை ஒரு நாளும் பட விடேல்லை. தபசு நாளிலை ஆணியாலை கழட்டினதே இல்லை. அவளையே கேட்டுப் பாருங்கோ."

"எவ்வளவு பெலமாய்?" என்று கேட்டார் ஐயா.

"நீங்கள் எனக்குப் போட்டதிலை பாதி. எனக்கு அளவு தெரியும்தானே. நான் வாங்கினனான். நான் கத்தினனானோ? அவள் அதிலை பாதிக்கு அந்தக் கத்துக் கத்துறாள். அது நடிப்பு மாமா."

"எத்தினை?"

அத்தான் கொஞ்சம் யோசித்தார்.

"அது அவள் செய்யிறதைப் பொறுத்தது."

அவர் பொய் சொல்லவில்லை. பிறகு நான் அக்காவைக் கேட்டேன், ஒவ்வொன்றும் உண்மை. கோபம் ஆறும்வரை அவர் காத்திருப்பாராம். காலையில் நடந்த பிழைக்குப் பின்னேரம்வரை காத்திருப்பாராம். அவ்வளவு நேரமும் அக்கா அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு சமைக்க வேண்டும். தபசு காலத்தில் சேர்ந்ததெல்லாம் பாஸ்கு முடிந்த திங்கட்கிழமை. ஐயா தன் மனச்சாட்சிக்காகப் போட்டு வைத்த சட்டங்களை எல்லாம் இந்த மனுசன் எடுத்துத் தன் வீட்டில் ஒழுங்காக நடத்தியிருக்கிறார். வெறிகாரன் ஒருவன் கண்டபடி அடித்திருந்தால் யாராவது வந்து பிடித்திருப்பார்கள். இவரை யார் பிடிப்பது? இவர் நிதானமான மனுசன்.

ஐயா கடைசியில் வாலைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டார். அத்தான் மறுப்புச் சொல்லவில்லை. ஆணியில் இருந்து கழற்றி, இரண்டாக மடித்து, பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். வள்ளம் வரை வந்து வழியனுப்பினார்.

திரும்பி வரும்போது ஐயாவின் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "தந்திட்டான் பார்," என்றார். "மோசமானவன் எண்டால் தருவானோ? இனிச் சரிவரும்." நானும் ஓம் என்றேன். பேச்சுக்குச் சொன்ன ஓம் அல்ல. வால் எங்களிடம் வந்துவிட்டது, அத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்று நானும் நம்பினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதை மறைத்து எழுத எனக்கு மனம் இல்லை. ஏதோ குற்றமெல்லாம் அந்தக் காய்ந்த தோலில் இருந்தது மாதிரி நாங்கள் இரண்டு பேரும் அதைப் பேப்பரில் சுற்றிக் கொண்டு வந்தோம்.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அக்கா முற்றத்தில் குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தா. ஐயா பொட்டலத்தை அவவுக்கு முன்னால் வாங்கில் வைத்து அவிழ்த்தார்.

"வாங்கிக்கொண்டு வந்திட்டன் பிள்ளை. இனிப் பயமில்லை. ஞாயிறு பூசை முடிய நானே கொண்டுபோய் விடுறன்."

அம்மா மாதாவுக்கு நன்றி சொன்னா. அக்கா கத்தியைக் கீழே வைத்தா. மீனை மூடி வைத்தா. கை கழுவினா. சீலையில் துடைத்தா. வந்து வாலை எடுத்து, பிடியைச் சரிபார்த்தா.

"ஐயா, கையை நீட்டுங்கோ."

ஐயாவுக்கு விளங்கவில்லை.

"எந்தக் கை பிள்ளை?"

"அடிக்கிற கை."

அம்மா என்னவோ சொல்ல வந்தா. ஐயா மற்றக் கையால் அவவைத் தடுத்துவிட்டு, வலது கையை நீட்டினார். அக்கா ஓங்கி ஒன்று போட்டா, ஐயா போடுகிற அதே அளவுதான், அவர் போடுகிற அதே இடத்தில். ஐயா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாலால் அடி வாங்கியது அதுதான் முதல் தரம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. செய்தார், விற்றார், மற்றவர்களுக்குப் போட்டார். தனக்கு ஒன்று போட்டுப் பார்க்க அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

முடிந்தது என்று நினைத்து ஐயா கையை இறக்கப் போனார்.

"இறக்காதேங்கோ," என்றா அக்கா. "எத்தினை எண்டு நான் சொல்லேல்லை."

வால் மேலே நின்றது. அக்கா அவசரப்படவில்லை. ஐயா மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். இரண்டாவது அடி முதல் விழுந்த இடத்திலேயே விழுந்தது. ஐயா ஒரு சத்தம் போட்டார். கடலில் கை அறுந்து இரத்தம் ஓட வந்தபோதும் அவர் அப்படிச் சத்தம் போட்டதில்லை. அக்கா மூன்றாவதற்கு ஓங்கிக்கொண்டு நின்றா. எவ்வளவு நேரம் நின்றா என்று தெரியவில்லை. வால் இறங்கவில்லை. ஐயா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கையை வெடுக்கென்று இழுத்துக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டார்.

அக்கா வாலை நிலத்தில் போட்டா.

"அவர் உங்களிட்டை வாங்கேக்கை ஒண்டு எண்டு தெரிஞ்சு வாங்கினவர் ஐயா. கையை நீட்டினதும் அவர்தான், எடுத்ததும் அவர்தான். அதிலை அவருக்கு என்ன தெரியும்?" அக்காவின் குரல் அப்போதுதான் உடைந்தது. "என்னைத் திரும்பி அனுப்பப் போறியளோ?"

"இல்லைப் பிள்ளை," என்றார் ஐயா. "இல்லை."

அனுப்பவில்லை. சுவாமியார் வந்து, கடவுள் சேர்த்ததைப் பிரிக்கலாமா என்று கேட்டார். ஊர்ச் சனம் என்ன குறையோ என்று காதுக்குள் கதைத்தது. நெடுந்தீவில் இருந்து இரண்டு தரம் ஆள் வந்தது. ஐயா எல்லோருக்கும் கதிரை போட்டு, எல்லோரும் சொன்னதையும் கேட்டு, "அவள் இஞ்சைதான் இருப்பாள்" என்று ஒரே மறுமொழி சொன்னார். அக்கா வேறு கலியாணம் செய்ய எங்கள் வேதத்தில் வழி இல்லை. எங்களோடுதான் இருந்தா. வாளி விழுந்தால் சுருளுகிற பழக்கம் கடைசிவரை போகவில்லை. வீட்டில் நாங்கள் எல்லோரும் பாத்திரத்தை மெதுவாக வைக்கப் பழகிக்கொண்டோம்.

ஐயா அதற்குப் பிறகு வால் செய்யவில்லை. திருக்கை பட்டால் வாலை வெட்டிக் கடலிலேயே போட்டுவிடுவார். கேட்டு வந்தவர்கள் வேறு ஆளிடம் போனார்கள். அவன் வாலைச் சுரண்டுவதும் இல்லை, கையை நீட்டச் சொல்வதும் இல்லை. அவனைவிட உங்கள் வால்தான் திறம், ஏன் விட்டீர்கள் என்று ஐயாவைக் குறைசொன்னார்கள்.

கொடுத்த வால்களையாவது திருப்பி வாங்கலாம் என்று ஒரு எண்ணம் அவருக்கு வந்தது. யார் யாருக்குக் கொடுத்தார் என்று யோசித்து யோசித்து, சைக்கிளில் போனார். கன பேர் சிரித்தார்கள். நல்ல சாமானை ஏன் தரவேண்டும் என்றார்கள். இரண்டோ மூன்றோ திரும்பி வந்தது. பிறகு ஒரு நாள் வேலணைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். அந்த வீட்டுக்காரர் தோட்டக் காவலுக்கு என்று வாங்கியவர், நல்ல மனுசன், ஐயாவோடு சிரித்துப் பேசினார். வேண்டுமென்றால் கொண்டுபோங்கள் என்று சொல்லி, உள்ளே பார்த்து, "பிள்ளை, அந்த வாலை எடுத்துக்கொண்டு வா," என்று கூப்பிட்டார்.

ஆறு ஏழு வயதுப் பெட்டைப்பிள்ளை ஒன்று ஓடி வந்தது. எங்கே இருக்கிறது என்று தேடவில்லை. வாலை இரண்டு கையாலும் ஐயாவிடம் நீட்டியது. ஐயா வாங்கினார். வாங்கியதும் அந்தப் பிள்ளை ஒன்றும் கேட்காமல் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

தகப்பன் சிரித்து, உனக்கில்லை, போய் விளையாடு என்றார். பிள்ளை போய்விட்டது. ஐயா வாலைப் பிடித்தபடி அந்த இடத்திலேயே நின்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் சைக்கிளில் ஏறவில்லை, உருட்டிக்கொண்டே வந்தார். நானும் பக்கத்தில் நடந்தேன். பாதி வழியில் நின்று என்னைக் கேட்டார்:

"அண்டைக்குக் கையை இழுத்தானே ஒருத்தன். நாம்பனுக்கெண்டு வந்தவன். அவன் எந்த ஊர் பிள்ளை?"

எனக்குத் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டோம், அவவுக்கும் தெரியவில்லை. அந்த ஆள் என்ன நிறச் சேட்டுப் போட்டிருந்தார் என்பதுகூட எங்களுக்கு நினைவிருந்தது, எப்படிக் கையை இழுத்தார் என்று செய்து காட்டவும் எங்களுக்குத் தெரிந்திருந்தது. ஊரையும் பெயரையும் மட்டும் ஒருவரும் கேட்டு வைக்கவில்லை.